கணினியின் நாடி

உடல்நலம் என்பது உள்ளபோது எவராலும் எண்ணப்படுவதன்று. இல்லாதபோதோ அதனையன்றி வேறொன்றையும் எண்ண இயலாது. அதனாலன்றோ திருவள்ளுவர், ‘மருந்து’ என்று பெயரிட்ட அதிகாரத்தில் மருந்தின் பெயர் ஒன்றேனும் கூறாது, அளவறிந்து உண்ணும் ஒழுங்கையே பெரிதும் கூறிச் செல்கின்றார். நோய் வந்தபின் ஓடுதலினும், வருமுன் நாள்தோறும் தன்னைத் தான் நோக்கிக்கொள்ளுதலே அறிவுடைமை என்பது அவர் கருத்தாகலாம். மனித சரீரத்திற்குப் பொருந்தும் இவ்வுண்மை, மனிதன் ஆக்கிய யந்திரங்களுக்கும் பொருந்துவதே.

யான் சில ஆண்டுகளாக, நீலகிரியில் கோத்தகிரிக்கு அணித்தாயுள்ள கட்டபெட்டு என்னும் ஊரிலிருந்து, யூனிக்ஸ் வகையைச் சார்ந்த சேவகக் கணினிகளின் நலத்தைக் கண்காணிக்கும் தொழிலைச் செய்துவருகிறேன். “அவைதாம் இடைவிடாது ஓடுகின்றனவே, அவற்றிற்குக் காவல் எதற்கு?” என்று நம் கல்லூரி மாணவர் சிலர் என்னை வினவியதுண்டு. அவ்வினாவிற்கு விடையாக, என் தொழிலில் யான் கண்டறிந்த ஓர் உண்மையை ஈண்டு எழுதத் துணிந்தேன். உயிரோடிருத்தல் வேறு, நலமோடிருத்தல் வேறு என்பதே அவ்வுண்மை.

சேவகக் கணினி யாதெனின், ஒருவர் தம் மேசைமேல் வைத்துத் தம்பொருட்டே பயன்படுத்தும் கணினி போலாது, தொலைவிலுள்ளார் பலர் கேட்பனவற்றிற்கு இரவும் பகலும் விடையளிக்கும் பொருட்டு, ஓர் அறைக்குள் ஓயாது இயங்குவது. ‘சர்வர்’ என்று உலகர் வழங்குவர். வங்கியிற் பணம் எடுப்பவரும், ரயிலுக்குச் சீட்டுப் பதிவு செய்பவரும், பரீட்சையின் முடிவை அறிய விழைபவரும் கண்ணுக்குப் புலப்படாத அத்தகைய கணினி ஒன்றின் வாயிலில் நிற்பவரே. இக்கணினிகள் பலவற்றை ஆள்வது யூனிக்ஸ் என்னும் இயங்குதளம், அல்லது அதன் நெறியைப் பின்பற்றி எழுந்தவற்றுள் ஒன்று. 1969-ஆம் ஆண்டில் அமெரிக்காவிலுள்ள பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்ப்சனும் டென்னிஸ் ரிட்சியும் யூனிக்ஸைத் தொடங்கினர். 1991-இல் பின்லாந்து தேசத்து மாணவர் லைனஸ் டோர்வால்ட்ஸ், அதன் நெறியைத் தழுவி லினக்ஸைப் படைத்தார். உலகின் மிக வலிய கணினிகள் ஐந்நூற்றைத் தெரிந்தெடுத்து வெளியிடும் பட்டியலில், 2017-ஆம் ஆண்டு நவம்பர் முதல் ஐந்நூறும் லினக்ஸால் இயங்குவனவாகவே உள்ளன.

யூனிக்ஸை ஆக்கியோர் கொண்ட கொள்கை எளியது. ஒவ்வொரு கருவியும் ஒரே வேலையைச் செய்க, அதனைச் செம்மையாகச் செய்க, ஒன்றன் விடையை மற்றொன்று ஏற்று மேற்செல்க என்பதே அது. ஆதலின் இக்கணினியின் நலத்தை அறியவும் சிறிய கருவிகள் பல அதனுள்ளேயே அமைந்துள்ளன. அவற்றைக் கையாளும் வகையை ஒருவாறு கூறுவேன்.

நம் நாட்டு வைத்தியர் மூன்று விரல்களை மணிக்கட்டில் வைத்து, வாதம், பித்தம், சிலேத்துமம் என்னும் மூன்றின் நடையையும் அறிவர். ‘அப்டைம்’ என்னும் கட்டளையும் அவ்வாறே மூன்று எண்களைத் தருகின்றது. கடந்த 1 நிமிஷத்திலும், 5 நிமிஷத்திலும், 15 நிமிஷத்திலும் கணினிமேல் இருந்த சராசரிச் சுமையே அவை. முதலெண் பெரிதாயும் மூன்றாவது சிறிதாயும் இருப்பின் சுமை இப்போதுதான் ஏறுகின்றது, மாறியிருப்பின் தணிந்துவருகின்றது. ஆயினும் எண்ணை மட்டுங்கொண்டு முடிவு கூறுதல் தகாது. நான்கு செயலிகள் உள்ள கணினியில் 4 என்பது நிறைந்த வேலை. ஒரே செயலி உள்ளதில் அதுவே, ஒருவர் வேலை செய்ய மூவர் காத்துநிற்கும் நெருக்கடி. மேலும் லினக்ஸில், வட்டிலிருந்து செய்தி வரும்வரை அசையாது காத்திருக்கும் பணிகளும் இக்கணக்கிற் சேர்வதால், செயலி சும்மா இருக்கும்போதே சுமை மிகுந்து தோன்றுதலும் உண்டு.

நினைவகத்தின் செய்தியும் இத்தகையதே. ‘ஃப்ரீ’ என்னும் கட்டளை காட்டும் வெற்றிடம் மிகச் சிறிதாயிருத்தலைக் கண்டு புதியவர் அஞ்சுவர். யூனிக்ஸோ, வேலையற்ற நினைவகத்தை வீணே கிடக்கவிடாது, வட்டிலிருந்து ஒருமுறை படித்தவற்றை மறுமுறைக்கென அதில் வைத்துக்கொள்ளும். பிறர் கேட்பின் உடனே விட்டுக்கொடுக்கும். அஞ்சத்தக்க குறி யாதெனின், நினைவகத்தில் இடமின்றிப் பக்கங்களை ஓயாது வட்டிற்குத் தள்ளுதலும் மீட்டலுமே. சுருங்கக் கூறின், இவ்வெண்களுள் எதுவும் தனியே நின்று பொருள் தருவதன்று. அந்தக் கணினி அந்த நேரத்தில் வழக்கமாக எந்நிலையில் இருக்கும் என்பதை அறிந்தவனுக்கே அது பேசும். இதுபற்றியே யான், என் காவலிலுள்ள ஒவ்வொரு கணினிக்கும் தனித்தனிக் குறிப்பேடு வைத்து, அதன் நல்ல நாட்களின் நிலையை எழுதிவருகிறேன். நோயுற்ற நாளில் எடுத்த அளவை ஒப்பிடுதற்கு நலமான நாளின் அளவு கையிலில்லையேல், மருத்துவன் இருட்டில் தடவுபவனாவான்.

இனி, இவ்வெண்கள் யாவும் செம்மையாயிருந்தும் காரியம் கெடும் என்பதை எனக்கு உணர்த்திய நிகழ்ச்சியைக் கூறுகிறேன்.

இம்மலையில் சிறு விவசாயிகள் பலர். அரை ஏக்கர், ஓர் ஏக்கர் நிலத்தில் தேயிலை வைத்து, பறித்த கொழுந்தை நிறுத்துக் கொடுத்து, மாத முடிவில் கிடைக்கும் தொகையைக் கொண்டு குடும்பம் நடத்துவோர். அவர்களிடம் கொழுந்து வாங்கும் ஓரிடத்தில், அவ்விடத்தின் பெயர் ஈண்டு வேண்டா, நிறுக்கும் இடத்திலிருந்தே ஒவ்வொருவர் எடையும் ஒரு கைக்கருவி வழியாக லினக்ஸ் கணினிக்குச் சென்று கணக்கில் ஏறும்படி செய்திருந்தனர். 2018-ஆம் ஆண்டு வைகாசி மாதம், கோடைமழைக்குப்பின் கொழுந்து மிகுந்து வந்துகொண்டிருந்த சமயம். இரண்டு நாளின் எடைகள் கணக்கிற் காணப்படவில்லை என்று என்னை அழைத்தனர். யான் அங்குச் சென்றபோது, கணினியை முன்னரே காத்துவந்தவர் அமைத்திருந்த கண்காணிப்புத் திரை முழுவதும் பச்சை விளக்காகவே இருந்தது. “சர்வர் நலமாகத்தான் இருக்கிறது” என்று அலுவலர் திரையைக் காட்டினார். அறையின் வாயிலில் நின்றிருந்த வயது முதிர்ந்த படுகர் அம்மையார் ஒருவர், தம் மடியிலிருந்த கொழுந்துப் புத்தகத்தைக் கையில் எடுத்துக்கொண்டு என்னை நோக்கி, “தம்பி, மிஷின் நலமாக இருக்கிறது என்கிறார்கள்; என் கொழுந்து எங்கே போயிற்று?” என்றார்.

அவ்வினாவே அன்று என் ஆராய்ச்சியைத் தொடங்கி வைத்தது. ‘பிங்’ என்னும் கருவியால் அழைத்தேன், கணினி விடையளித்தது. இக்கருவி 1983-இல் மைக் மூஸ் என்பவர் இயற்றியது. நீரின் ஆழத்தில் ஒலியை ஏவி எதிரொலி கேட்கும் முறையைக் கருதிப் பெயரிடப்பெற்றது. எதிரொலி வந்தது என்பதால், எதிரே ஒன்று உண்டு என்பதே பெறப்படும். அது தன் வேலையைச் செய்கின்றது என்பது பெறப்படாது. அடுத்து நாடியைப் பார்த்தேன். சுமை மிகக் குறைவு. கொழுந்து வந்து குவியும் பிற்பகல் மூன்று மணிக்கு அக்கணினி அத்துணை அமைதியாக இருத்தல் இயல்பன்று. காய்ச்சல் இல்லையென்று மகிழ்தற்கு மாறாக, உடல் சில்லிட்டிருப்பதைக் கண்டவன்போல் ஆனேன்.

பின்னர் ‘டி-எஃப்’ என்னும் கட்டளையால் வட்டின் இடத்தைக் கேட்டேன். நூற்றுக்கு நூறும் நிரம்பிவிட்டது என்றது. ‘டி-யூ’ என்னும் கட்டளையால் உள்ளிருக்கும் கோப்புகளைக் கூட்டிப் பார்த்தேன், பாதியளவும் இல்லை. இரண்டும் பொய் கூறவில்லை. யூனிக்ஸில் ஒரு கோப்பை அழித்தல் என்பது அதன் பெயரை அடைவிலிருந்து நீக்குதலேயாம். அக்கோப்பை ஒரு நிரல் திறந்து வைத்துக்கொண்டிருக்கும்வரை, பெயரற்றதாயினும் அஃது இடத்தை விடாது. பெருத்துவிட்ட நிகழ்ச்சிப் பதிவேடு ஒன்றை எவரோ முன்னர் அழித்திருந்தனர். அதனை எழுதிவந்த நிரலோ, பெயரிழந்த அப்பதிவேட்டிலேயே மேலும் மேலும் எழுதிக்கொண்டிருந்தது. ‘எல்-எஸ்-ஓ-எஃப்’ என்னும் கருவியால் அந்நிரலைக் கண்டறிந்து நிறுத்தித் தொடங்கியதும், வட்டில் இடம் மீண்டது.

அங்ஙனமாயின் பச்சை விளக்கு எவ்வாறு எரிந்தது? இதுதான் யான் மாணவர்க்குச் சிறப்பாகக் கூற விரும்பும் பகுதி. அக்கண்காணிப்பு நிரல் மணிக்கொருமுறை வட்டில் ஒரு சிறு கோப்பை எழுதிப் படித்து அழிக்கும். அது கைகூடினால் பச்சை காட்டும். நல்ல சோதனை போன்றே தோன்றுகின்றதன்றோ? ஆனால் அந்நிரல், கணினியின் தலைமை அதிகாரியாகிய ‘ரூட்’ என்பவரின் பெயரால் இயங்கியது. லினக்ஸில் பெரிதும் வழங்கும் வட்டமைப்பு, நெருக்கடியில் தலைமையதிகாரி உள்ளே வந்து சீர்செய்யும்பொருட்டு, நூற்றுக்கு ஐந்து பங்கு இடத்தை அவர்க்கென்றே ஒதுக்கி வைப்பது இயல்பு. எனவே சாதாரணக் குடிகளுக்கு ஓர் எழுத்து எழுதவும் இடமில்லாத அந்நாளில், ரூட்டின் பெயரால் வந்த சோதனை தனக்கென ஒதுக்கிய இடத்தில் இனிதே எழுதித் திரும்பியது. அரசன் தன் களஞ்சியத்தில் உண்டு, ஊரிற் பஞ்சமில்லை என்று எழுதிவைத்த கதை இதுவே.

கொழுந்தின் கணக்கு எவ்வாறு மீண்டது எனின், நிறுப்பவர் பழைய வழக்கம் விடாது, கைக்கருவியில் எண்ணைத் தட்டுவதோடு காகித நோட்டிலும் எழுதிவந்திருந்தார். கணக்கு நிரலோ, வட்டில் எழுதுமுன்னரே “பெற்றுக்கொண்டேன்” என்று கைக்கருவிக்கு விடை கூறிவிடும் பிழையுடையது. காகித நோட்டு இல்லாதிருப்பின் அவ்விரண்டு நாளும் காற்றோடு போயிருக்கும். அம்மையார்க்கு ஒரு நாள் 43 கிலோவும் மறுநாள் 38 கிலோவும் கணக்கில் ஏறின. அவர் தம் புத்தகத்தோடு ஒப்பிட்டுப் பார்த்த பின்னரே அங்கிருந்து சென்றார். கண்காணிப்பு என்பது இன்னதென்று அவர்க்கு ஒருவரும் கற்பிக்க வேண்டியிருக்கவில்லை.

அதன்பின் அவ்விடத்தில் யான் அமைத்த சோதனை வேறு. இல்லாத விவசாயி ஒருவர் பெயரால், சாதாரணக் குடியாகவே, மணிக்கொருமுறை ஒரு கிலோ கொழுந்து நிறுத்ததாகச் செய்தி அனுப்பப்படும். அஃது எல்லார் செய்தியும் செல்லும் வழியே சென்று கணக்கில் ஏறியதா என்று மறுமுனையில் பார்க்கப்படும். மொத்தக் கூட்டலில் அப்பெயர் நீக்கப்படும். நினைவகமும் சுமையும் வட்டும் நோய்க்குக் காரணம் யாதெனக் காட்டுவன; நோய் உண்டா இல்லையா என்பதை இந்த ஒரு கிலோவே காட்டும்.

யந்திரம் தன்னைப்பற்றித் தான் கூறுவதை முற்றும் நம்புதல் தகாது என்பதற்குப் பெருஞ்சான்றுகளும் உள. கூகுள் நிறுவனத்தார் ஒரு லட்சத்திற்கு மேற்பட்ட வட்டுகளை ஆராய்ந்து 2007-இல் வெளியிட்ட கட்டுரையில், பழுதுற்ற வட்டுகளுட் பாதிக்கு மேற்பட்டவை, வட்டின் உள்ளேயே அமைந்த தற்சோதனை தரும் முக்கிய எச்சரிக்கைகள் நான்கனுள் ஒன்றையும் காட்டாமலே மடிந்தன என்று கண்டனர். 2017-ஆம் ஆண்டு ஜனவரி 31-ஆம் நாள், கிட்லாப் என்னும் நிறுவனத்தில் முதன்மைத் தரவுத்தளம் தவறுதலாக அழிக்கப்பட்டது. மாற்றுப்படிகளைத் தேடியபோது, நாள்தோறும் எடுக்கப்படுவதாக எண்ணியிருந்த படி சில காலமாகவே எடுக்கப்படவில்லை என்பது தெரியவந்தது. படியெடுத்தல் தவறியதை அறிவிக்கும் மின்னஞ்சல்களோ, அனுப்பினோர் அடையாளம் உறுதிப்படாமையால் ஏற்கப்படாது போயின. எச்சரிக்கை வாராமையை நலத்திற்கு அடையாளமாகக் கொண்டிருந்தனர். எச்சரிக்கை வரும் வழியே அடைபட்டிருந்தது. இவ்வரலாற்றை அந்நிறுவனத்தார் ஒளியாது உலகறிய எழுதிவைத்தமை பாராட்டற்குரியது.

ஆதலின் மௌனத்தை நலமென்று கொள்ளாதிருத்தல் இத்தொழிலின் முதல் விதி. எங்கள் மலையில் தேயிலைத் தொழிற்சாலையின் சங்கு குறித்த வேளையில் ஊதும். ஊதியதை எவரும் கவனியார். ஊதாத நாளிலோ ஊரே நிமிர்ந்து பார்க்கும். காவல் நிரலும் அவ்வாறே அமைதல் வேண்டும். “கெட்டது” என்று கூவுதலோடு நில்லாது, “இவ்வேளை வரை செய்து முடித்தேன்” என்று குறித்த நேரத்தில் அது சொல்லிவரவேண்டும். அச்சொல் வாராதபோது வேறோரிடத்திலுள்ள மற்றொரு காவலன் எழவேண்டும்.

மௌனம் தீதாதல்போல், மிகையான கூச்சலும் தீதே. காட்டெருமையும் கரடியும் சிறுத்தையும் இரவில் தேயிலைக்குள் வந்துபோகும் இவ்வூரில், நாய் வளர்ப்போர் இதனை நன்கறிவர். பனிப்படலம் அசைந்தாலும் குரைக்கும் நாய், சிறுத்தை வந்த இரவிலும் குரைக்கும். ஆயின் ஒருவரும் கதவு திறவார். ஓரிரவில் இருநூறு எச்சரிக்கை அனுப்பும் கண்காணிப்பும் அத்தன்மையதே. எழுந்து செய்யவேண்டிய செயல் ஒன்று இல்லையாயின் அவ்வெச்சரிக்கை ஒருவனை எழுப்பலாகாது. காலையிற் படிக்கும் குறிப்பேட்டில் அஃது இருக்கட்டும்.

காவலன் எங்கு நிற்கவேண்டும் என்பதும் சிந்திக்கத்தக்கது. 2009-ஆம் ஆண்டு நவம்பரில் நீலகிரியிற் பெய்த பெருமழையால் மலைச்சரிவுகள் ஏற்பட்டு, நாற்பதுக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். சாலைகள் பல துண்டிக்கப்பட்டன. அத்தகைய நாளில் மலைக்குள் மட்டும் நிற்கும் காவலன், உள்ளே யாவும் நலமென்பான். சமவெளியில் மட்டும் நிற்பவன், மலைக்கணினி யாவும் மடிந்தனவென்பான். இருவரும் தாம் கண்டதையே கூறுகின்றனர். உள்ளொருவரும் புறத்தொருவருமாக இருவரை நிறுத்தினாலன்றி, கெட்டது கணினியா வழியா என்பது விளங்காது.

இம்மலையிலேயே, இடைவிடாக் கண்காணிப்பின் பயனுக்கு உலகறிந்த எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. உதகையில் டாட்டா ஆராய்ச்சி நிலையத்தார் நடத்தும் கிரேப்ஸ்-3 என்னும் காஸ்மிக் கதிர் ஆய்வுக்களத்தில், மியூவான் என்னும் நுண்துகளை எண்ணும் குழாய்கள் 3712 அமைந்துள்ளன. 2015-ஆம் ஆண்டு ஜூன் 22-ஆம் நாள், ஏறத்தாழ இரண்டு மணி நேரம் அவ்வெண்ணிக்கை சிறிது உயர்ந்தது. சூரியனிலிருந்து வந்த புயல் பூமியின் காந்தக் கவசத்தைத் தற்காலிகமாகத் தளர்த்தியதன் விளைவு அஃது என்று அவ்வறிஞர் 2016-இல் வெளியிட்டனர். அச்சிறிய உயர்வு வானத்தினின்று வந்ததா, கருவியின் கோளாறா, காற்றழுத்தத்தின் மாறுதலா என்று பிரித்தறியும் வலிமை எங்கிருந்து வருகின்றது? கருவிகளின் அன்றாட இயல்பைப் பல ஆண்டுகள் அயராது எழுதிவைத்தலினின்றே வருகின்றது. ஒரு நாளின் அரிய செய்தி, செய்தியே இல்லாத ஆயிரம் நாட்களின் பதிவினால் மெய்யாகின்றது.

இத்தொழில் புகழ் தருவதன்று. செம்மையாகச் செய்யப்பட்டபோது ஒன்றும் நிகழாது. ஒன்றும் நிகழாமைக்கு எவரும் நன்றி கூறார். திருமறையில் வரும் பத்துக் கன்னியருள் ஐவர் தம் விளக்கோடு எண்ணெயும் கொண்டு சென்றனர். அவர்கள் செய்த அருஞ்செயல் வேறொன்றுமில்லை, முன்னரே நினைத்தமையே. வள்ளுவரும் பொச்சாவாமை என்று ஓர் அதிகாரமே வகுத்து, மறதியினின்று தன்னைக் காத்துக்கொள்ளுமாறு பணித்தார். இவ்விரண்டு நூலும் ஒருங்கே பயிலப்படும் நம் கல்லூரியின் மாணவர்க்கு இதனைப் புதிதாகக் கூறவேண்டுவதில்லை.

கணினித் துறையிற் புகும் இளைஞர்க்கு யான் வேண்டிக்கொள்வது ஒன்றே. உங்கள் திரையிற் பச்சை விளக்கு எரியும்போது, அஃது எவர் பெயரால் சோதித்து எரிகின்றது என்று ஒருமுறை கேளுங்கள். நிறுவனத்தின் தலைவர் பெயராலா, வரிசையின் கடைசியில் கொழுந்துப் புத்தகத்தோடு நிற்பவர் பெயராலா? பின்னவர் பெயரால் எரியும் விளக்கையே நம்புங்கள். அத்தகைய விளக்கு இல்லையாயின், அதனை ஏற்றுதலே உங்கள் முதல் நாளின் வேலையாகுக.

—கட்டபெட்டிலிருந்து ஒரு பழைய மாணவன்